அன்னையர் தினம் தந்த அன்னா ஜார்விஸ்



மே மாதம் இரண்டாவது ஞாயிறு வந்தா அன்னையர் தினம்னு எல்லாரும் வாழ்த்துச் சொல்றாங்க. அந்த நாளுக்குப் பின்னால நம்ம குழு மாதிரியே ஒரு பெண்கள் சங்கம் இருந்தது தெரியுமா?

அமெரிக்காவில், இன்று மேற்கு வர்ஜீனியா எனப்படும் மலைப் பகுதியில் வாழ்ந்தவர் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றார். வளர்ந்து ஆளானது நாலு பேர்தான். அந்தக் காலத்தில் தொற்றுநோய் வந்தா பிள்ளைங்க தங்காது. அழுதுகிட்டே உட்காராமல், 1858-ல் சுற்றுவட்டாரப் பெண்களைச் சேர்த்துத் தாய்மார் சங்கங்களைத் தொடங்கினார். பணம் திரட்டி மருந்து வாங்கினாங்க. ஊருக்கு வரும் பாலைச் சோதித்தாங்க. காசநோயில் படுத்த தாய்மார் வீட்டு வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தாங்க. 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டதும், எந்தப் பக்கத்து வீரன் என்று பார்க்காமல் காயம்பட்டவர்களைக் கவனித்தாங்க.

அவருடைய மகள்தான் அன்னா ஜார்விஸ். பிறந்தது 1864. தாய்மாருக்கென்று ஒரு நாள் வேண்டும் என்ற அம்மாவின் ஆசை, சின்ன வயசிலேயே அன்னாவின் மனதில் பதிந்துவிட்டது. 1905-ல் அம்மா இறந்தார். அதன்பின் தலைவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார் அன்னா. 1908 மே 10 அன்று, அம்மா பணி செய்த கிராப்டன் ஊர்த் தேவாலயத்தில் முதல் அன்னையர் தினம் நடந்தது. அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500 அனுப்பி வைத்தார். 1914-ல் ஜனாதிபதி வில்சன் அதை நாடு முழுவதற்கும் உரிய நாளாக அறிவித்தார்.

ஆனா கொஞ்ச வருஷத்திலேயே அந்த நாள் வியாபாரமாகிவிட்டது. மே மாதம் பூ விலை ஏறியது. மிட்டாயும் அச்சடித்த வாழ்த்து அட்டையும் கடைகளில் குவிந்தன. அன்னா கொதித்துப் போனார். பெற்ற தாய்க்கு நாலு வரி சொந்தக் கையால் எழுத முடியாதா என்பது அவர் ஆதங்கம். வழக்கு, மறியல் என்று போராடினார். 1925-ல் போலீசும் பிடித்தது. நாள் கண்டவரே அந்த நாளை ரத்து செய்யவும் கேட்டார். கையிருப்பு எல்லாம் கரைந்தது. அவருக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. 1948-ல் ஒரு மருத்துவ விடுதியில் காலமானார்.

அவர் தோற்றார்னு நினைக்காதீங்க. கைநாட்டு வைத்த நாம இன்னைக்குத் தீர்மானப் புத்தகம் எழுதுறோம். இந்த மே மாசம் அதே கையால அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதுவோம். பிள்ளைங்க கடையில வாங்கித் தருவதைவிட அதுதான் பெருசு.