வேர்ஜீனியா அப்கார் அம்மையார்

நம் பழைய மாணவிகளுள் தாய்மாரான பலரின் மகப்பேற்றுக் குறிப்பில் அப்கார் என்ற சொல்லும் அதனருகே ஓர் எண்ணும் இருந்திருக்கும். அது ஒரு பெண் வைத்தியரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே.

1909இல் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் பிறந்த வேர்ஜீனியா அப்கார், மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பயின்று, 1933இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வைத்தியரானார். பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம். கடனோடுதான் பட்டம் பெற்றார். அங்கேயே சத்திரசிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தார். கையிலே திறமை இருந்தது. ஆயினும் துறைத் தலைவர் அலன் விப்பிள் அவரை வேறு வழிக்குத் திருப்பினார். பெண் சத்திரசிகிச்சையாளர்கள் தொழிலில் நிலைபெற முடியாது தவிப்பதை அவர் கண்டிருந்தார். நல்ல மயக்கமருந்து வைத்தியர்கள் இன்றிச் சத்திரசிகிச்சை முன்னேறாது என்பதும் அவருக்குத் தெரியும். அக்கறையோடு சொன்னார் என்றாலும், கதவு மூடப்பட்டது மூடப்பட்டதுதான்.

அந்நாளில் மயக்கமருந்து கொடுப்பது பெரும்பாலும் தாதியரின் வேலை. அதை விஸ்கொன்சினிலும் நியூயோர்க்கிலும் முறையாகக் கற்று, 1938இல் கொலம்பியாவில் அப்பிரிவின் தலைவியானார். பதினொரு ஆண்டுகள் அதைக் கட்டியெழுப்பினார். 1949இல் அது தனித் துறையானபோது தலைமை ஓர் ஆணிடம் சென்றது. அப்காருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அம்மருத்துவக் கல்லூரியில் அந்நிலையை அடைந்த முதற் பெண் அவரே. அவர் பிரசவ அறைப் பக்கம் திரும்பினார்.

அங்கே எல்லோர் கவனமும் தாயின்மேல். பிறந்த பிள்ளை நீலம்பாரித்துக் கிடந்தாலும் அதன் நிலையைக் கணிக்க ஒழுங்கான முறை இல்லை. மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடையாக, கையில் அகப்பட்ட காகிதத்தில் ஐந்து விடயங்களை எழுதிக் கொடுத்தாராம்: இதயத்துடிப்பு, சுவாசம், தசையிறுக்கம், தூண்டலுக்கான துலங்கல், நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. பிறந்து ஒரு நிமிடத்தில் பத்துக்கு எத்தனை என்று சொல்லிவிடலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். புள்ளி போடுவதென்றால் பிள்ளையைப் பார்க்கத்தானே வேண்டும்! 1953இல் இது அச்சில் வந்தது. பின்னர் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, குறைந்த புள்ளி பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து அமிலத்தன்மை கூடியிருப்பதைக் காட்டினார். தாய்க்குக் கொடுத்த சைக்குளோபுரொப்பேன் என்னும் மயக்கமருந்து குழந்தையையும் சோரச் செய்வது இவ்வாறுதான் வெளிப்பட்டது.

ஐம்பது வயதில் மீண்டும் மாணவியாகி, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுமாணியானார். அதன்பின் மார்ச் ஒஃப் டைம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, பிறவிக் குறைபாடுகளைத் தடுப்பது பற்றியும் ருபெல்லாத் தடுப்பூசியின் அவசியம் பற்றியும் ஊரூராகச் சென்று பேசினார்.

வயலின் வாசிப்பார், இசைக்கருவிகளைத் தாமே செய்யவும் கற்றார். வைத்தியசாலைத் தொலைபேசிக் கூண்டிலிருந்த அழகிய மேப்பிள் பலகையை இரவோடிரவாகக் கழற்றி வந்து வயோலா செய்ததாகவும் ஒரு கதை உண்டு. 1974 ஆகஸ்ட் 7ஆந் திகதி, தாம் பயின்று பணியாற்றிய அந்த நியூயோர்க் வைத்தியசாலையிலேயே காலமானார்.