எமில் போடோ

சான் மொரிசு எமில் போடோ (செப்டம்பர் 11, 1845 - மார்ச் 28, 1903) பிரான்சு நாட்டைச் சேர்ந்த தந்தித் துறைப் பொறியாளர் ஆவார். ஒவ்வோர் எழுத்தையும் சம நீளமுள்ள ஐந்து குறிகளால் உணர்த்தும் போடோ குறிமுறையை உருவாக்கியவர். தனியொருவரின் காப்புரிமைக்கு உட்பட்டிருந்த இம்முறை, பின்னாளில் பல நாடுகளுக்கும் பொதுவான தந்திச் சீர்தரமாக ஏற்கப்பட்டது.

இளமை

போடோ, ஓத்-மார்ன் மாவட்டத்தில் உள்ள மன்யூ என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில் கற்றதே இவரது முறையான கல்வி. 1869-இல் பிரெஞ்சுத் தந்தித் துறையில் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்து, மோர்சு முறையிலும் இயூசு அச்சுத் தந்தியிலும் பயிற்சி பெற்றார்.

குறிமுறை

மோர்சு முறையில் எழுத்துக்கு எழுத்து குறியின் நீளம் மாறுபடும். எல்லா எழுத்துக்களும் ஒரே நீளத்தில் அமைந்தால் ஒரே கம்பியின் நேரத்தைப் பலருக்குச் சமமாகப் பங்கிடலாம். இவ்வடிப்படையில் போடோ அமைத்த கருவிக்கு 1874-இல் காப்புரிமை பெற்றார். இயக்குபவர் இடக்கையால் இரண்டும் வலக்கையால் மூன்றுமாக ஐந்து விசைகளை அழுத்துவார். மின்னோட்டத்தின் இருநிலைகளைக் கொண்ட ஐந்து குறிகளால் 32 சேர்க்கைகள் கிடைக்கும். அவை போதாமையால், எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே மாறத் தனிக் குறிகள் ஒதுக்கப்பட்டன. 1877-இல் பாரிசு - போர்தோ தடத்தில் இக்கருவி பயன்பாட்டுக்கு வந்தது. 1878-ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

காப்புரிமை வழக்கு

லூயி விக்டர் மீமோ என்பவர், ஐங்குறி முறையை முதலில் கண்டவர் தாமே என 1877-இல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் முதலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு, வழக்குச் செலவும் அவர்மீதே சுமத்தப்பட்டது. பின்னாளில் மீமோ விடுத்த இழப்பீட்டுக் கோரிக்கைகளை, தந்தி ஆய்வுப் பிரிவின் தலைவர் ழூல் ரேனோவின் குழு நிராகரித்தது. அதனால் மனமுடைந்த மீமோ, 1888-இல் ரேனோவைச் சுட்டுக் கொன்றார்.

சீர்தரமாதல்

இரு நாடுகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், எந்தச் சேர்க்கை எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது இருபுறமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். போடோவின் அட்டவணை இவ்வாறு பொது ஆவணமாக வரையறுக்கப்பட்டு, பன்னாட்டுத் தந்தி எழுத்துத்தொகுதி எண் 1 எனப் பெயர் பெற்றது. நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மரே, அடிக்கடி வரும் எழுத்துக்களுக்கு எளிய சேர்க்கைகளை ஒதுக்கி 1901-இல் இதனைத் திருத்தி அமைத்தார். அத்திருத்தத்திலிருந்தே எண் 2 தொகுதி உருவாகித் தொலை அச்சுக் கருவிகளில் பரவியது.

இறுதிக் காலம்

போடோ உடல்நலக் குறைவாலும் பணமுடையாலும் துன்புற்றார். 1890-இல் திருமணம் செய்துகொண்டார். மூன்று மாதங்களுக்குள் மனைவி காலமானார். போடோ தம் 57-ஆம் அகவையில் மறைந்தார். ஒரு நொடியில் அனுப்பப்படும் குறிகளின் எண்ணிக்கையை அளக்கும் "போட்" என்ற அலகு இவர் நினைவாகப் பெயரிடப்பட்டது.