விலை சொல்லாமல் தேநீர் விற்ற கிழவர்

1735-ம் ஆண்டு. ஜப்பானில் கியோட்டோ நகரம். ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஒரு கிழவர் சின்னத் தேநீர்க் கடை திறந்தார். வயது 60. அவர் ஒரு புத்த பிட்சு!

பிட்சு கடை வைக்கலாமா? கூடாது என்பதுதான் மடத்தின் வழக்கம். பக்தர்கள் கொடுக்கும் காணிக்கையில்தான் பிட்சுக்கள் வாழ வேண்டும். ஆனால் தர்மத்தைச் சொல்லிக் காணிக்கை வாங்குவது அவர் மனதுக்குப் பிடிக்கவில்லை. தேநீர் விற்றுப் பிழைப்பது அதைவிட மேல் என்று நினைத்தார்.

அவர் பெயர் கெக்காய் கென்ஷோ. 1675-ல் கியூஷு தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே மடத்தில் சேர்ந்தார். குரு இறந்த பிறகு, மடத்தை உடன் இருந்த பிட்சுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கியோட்டோ வந்தார். ஊரார் அவரைப் பைசாவோ என்று அழைத்தார்கள். தேநீர் விற்கும் கிழவர் என்று அர்த்தம். பெயரில்தான் பைசா. கையில் இருந்ததில்லை!

கடையில் ஒரு மூங்கில் குழாய் இருக்கும். குடித்தவர்கள் இஷ்டப்பட்டதை அதில் போடலாம். போடாமலும் போகலாம். குழாய் காலியாகக் கிடந்த நாட்களில் கிழவருக்குப் பட்டினி. மலர் பூக்கும் காலத்தில் அடுப்பையும் பாத்திரங்களையும் கூடையில் வைத்து, காவடிபோல் தோளில் சுமந்து, ஜனங்கள் கூடும் இடங்களுக்குப் போவார்.

பெரிய வீடுகளில் தேயிலையை மாவாக அரைத்து, பல சடங்குகளோடு குடித்த காலம் அது. பைசாவோவிடம் சடங்கு இல்லை. இலையை அப்படியே வெந்நீரில் போட்டுக் கொடுத்தார். கூலிக்காரரும் குடித்தார். பண்டிதரும் குடித்தார்.

உஜி ஊருக்குப் பக்கத்தில் நகதானி சோயென் என்ற விவசாயி இருந்தார். பறித்த இளம் இலையை உடனே ஆவியில் வேகவைத்து, கையால் உருட்டி உலர்த்தும் முறையை அவர் 1738-ல் கண்டுபிடித்தார். ஆவி பட்டதும் இலை கறுப்பது நின்றுவிடும். பச்சை நிறமும் மணமும் தங்கும். 1742-ல் பைசாவோ அவர் வீட்டுக்கே போய் அந்தத் தேநீரைக் குடித்து மகிழ்ந்தார். அதே ஆண்டில் துறவறத்தையும் விட்டார்.

அந்த வகைத் தேயிலைதான் இன்றும் ஜப்பானிய வீடுகளில் இருக்கிறது. போடுவது சுலபம். நம் வீட்டு டீயைப் போல் இலையைக் கொதிக்க விடக்கூடாது. கசந்துவிடும். கொதித்த நீரை இறக்கி, 70 அல்லது 80 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி இலை. அதில் நீரை ஊற்றி ஒரு நிமிஷம் மூடி வைத்து வடிக்க வேண்டும். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். அதே இலையில் இன்னொரு முறையும் நீர் ஊற்றலாம். சிக்கனக்காரர்களுக்கு ஏற்ற பானம்!

1755-ல் பைசாவோவுக்கு 80 வயது. கூடையைச் சுமக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. அவர் கையால் தொட்ட சாமான் என்றால் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். தமக்குப் பின் அவை தகாத கைகளில் சிக்கக் கூடாது என்று கிழவர் நினைத்தார். தீ மூட்டினார். இத்தனை காலம் தமக்குச் சோறு போட்ட கூடையை, பழைய நண்பனிடம் பேசுவதுபோல் பேசி வழியனுப்பி, நெருப்பில் வைத்தார்.

பிறகு எழுத்து எழுதிக் கொடுத்து வயிறு வளர்த்தார். 1763-ல், 88-வது வயதில் காலமானார். அவருடைய கவிதைகளை நண்பர்கள் அதே ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார்கள். ஜாகுச்சூ என்ற ஓவியர் வரைந்த அவர் படங்கள் இன்றும் இருக்கின்றன.