மூளையின் காவலரைக் கண்டவர்

மூளை என்றதும் நம் நினைவுக்கு வருவது நரம்பணுதான். நம் செய்முறை நோட்டுப் படங்களிலும் அதுவே நடுவில் வீற்றிருக்கும். சுற்றிலும் உள்ள கிளியா அணுக்களை, நரம்பணுக்களை ஒட்டவைக்கும் வெறும் கோந்து என்றே முன்னாளில் கருதினர். 'கிளியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருளும் அதுவே. அக்கருத்தை மாற்றியவர்களுள் தலையாயவர் பியோ டெல் ரியோ ஓர்டேகா.

1882-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் போர்ட்டியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். வல்லடோலிட் நகரில் மருத்துவம் பயின்றபின் மாட்ரிட் சென்று, அச்சூகாரோ என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே கஹால் கோலோச்சிய காலம் அது. நரம்பணு ஆய்வுக்காக 1906-இல் நோபல் பரிசைக் கோல்ஜியுடன் பகிர்ந்துகொண்டவர் கஹால். நரம்பணுக்களும் விண்மீன் வடிவக் கிளியா அணுக்களும் அவருடைய சாயங்களில் துலங்கின. எஞ்சியவற்றில் உட்கரு மட்டுமே தெரிந்தது. அவை கிளைகளற்றவை என்று முடிவுகட்டி, 'மூன்றாம் கூறு' என்று பெயரிட்டார்.

ஓர்டேகா வெள்ளிக் கார்பனேட்டைக் கொண்டு புதிய சாயமுறை ஒன்றை வகுத்தார். அதில் அந்த அணுக்கள் கிளை விரித்துக் காட்சி தந்தன! அதுமட்டுமா? அவை ஓரினமல்ல, ஈரினம். 1919-இல் மைக்ரோகிளியாவையும் 1921-இல் ஒலிகோடெண்ட்ரோகிளியாவையும் விளக்கி எழுதினார். மூளை காயம்பட்டால் மைக்ரோகிளியா கிளைகளைச் சுருக்கி உருண்டு, சிதைவுகளை விழுங்குவதையும் கண்டார்.

கஹால் இதை எளிதில் ஏற்கவில்லை. வேறு மனத்தாங்கல்களும் சேர, 1920-இல் ஓர்டேகா அந்த ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாடம் நடத்துபவரிடம் ஐயம் கேட்கவே எனக்கு நா எழாது. ஆதலால் இந்த இடத்தை மட்டும் இருமுறை படித்தேன். உலகமே போற்றும் மேதை இல்லை என்றதை இவர் உண்டு என்றார். அதற்குச் சான்றாக அவரிடம் இருந்தது சாயமேற்றிய கண்ணாடித் தகடு ஒன்றுதான்!

மாட்ரிட்டிலேயே வேறோர் ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தார். 1924-இல் பென்ஃபீல்ட் என்ற மருத்துவர் கடல் கடந்து வந்து அவரிடம் சாயமுறையைக் கற்றார். பின்னாளில் மூளை அறுவையில் பெரும்புகழ் பெற்றவர் அவர்.

ஒலிகோடெண்ட்ரோகிளியா மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளுக்கு மயலின் உறை போர்த்துகிறது. அவ்வுறை அழிவதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய். அல்சைமர் நோயில் படியும் புரதத் திட்டுகளை மைக்ரோகிளியா சூழ்ந்து நிற்கிறது. மைக்ரோகிளியா வெளியிலிருந்து மூளைக்குள் குடியேறுவது என்று ஓர்டேகா கூறியிருந்தார். சுண்டெலிக் கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து அது வருவது 2010-இல் மெய்ப்பிக்கப்பட்டது.

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. பாரிஸ், ஆக்ஸ்போர்டு என்று அலைந்த ஓர்டேகா, 1940-இல் அர்ஜென்டினா சேர்ந்தார். நோபல் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டும் பரிசு கிட்டவில்லை. 1945-இல் புவனஸ் அயர்ஸ் நகரில் புற்றுநோயால் காலமானார். தாம் படித்த வல்லடோலிட் நகர மண்ணுக்கு அவர் உடலின் எச்சம் திரும்பியது 1986-இல்தான்.