சொற்களைக் காப்பாற்றிய கலால் அலுவலர்



புத்தாண்டு இரவில் மணி 12 அடித்ததும் பல நாட்டு மக்கள் கைகோத்து ஒரு பாட்டுப் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ‘ஓல்ட் லாங் சைன்’ என்பது அதன் பெயர். டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்த இளம் அதிகாரிகள் நடைபோட்டு வெளியேறுவதும் இந்த மெட்டுக்குத்தான். இந்த மூன்று சொற்களும் ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியைச் சேர்ந்தவை. ‘ரொம்ப நாளைக்கு முந்தின அந்தக் காலம்’ என்று பொருள் சொல்லலாம். பழைய பாட்டொன்றைச் செப்பனிட்டு இன்றைய வடிவில் தந்தவர் ராபர்ட் பர்ன்ஸ். அவர் வாழ்ந்தது 37 ஆண்டுகள்தான்.

1759 ஜனவரி 25 அன்று, ஏர் நகரை அடுத்த அல்லோவே கிராமத்தில் பிறந்தார். தந்தை தோட்டக்காரர், பிறகு குத்தகை விவசாயி. பிறந்த வீடும் தந்தை தம் கையால் கட்டியது. ஏழ்மையிலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்தார். ஸ்காட்ஸ் மொழியோ வீட்டிலேயே கிடைத்தது. தாயார் பழைய பாடல்கள் பாடுவார். வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரக் கிழவி ஒருத்தி பேய்க்கதைகள் சொல்வாள்.

அந்தக் காலத்து நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் பர்ன்ஸ் செய்தது விளங்கும். 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே அரசாக இணைந்தன. அதன்பின், படித்தவர்கள் வாயில் ஸ்காட்ஸ் சொல் வந்தால் அது கௌரவக் குறைவு என்றாயிற்று. பெரிய தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமே, எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்ஸ் வழக்குகளைப் பட்டியல் போட்டு 1752இல் வெளியிட்டார். உழவர் வீட்டுப் பேச்சு அச்சில் ஏறக்கூடாத பேச்சாகிவிட்டது.

பர்ன்ஸ் அந்தப் பேச்சிலேயே எழுதினார். 1785இல் ஏர் ஓட்டும்போது சுண்டெலி ஒன்றின் கூடு கலைந்தது. அதற்காக வருந்தி அந்த எலியிடமே பேசுவதுபோல் ஒரு கவிதை எழுதினார். அதில் வரும் ‘ஸ்லீகிட்’ என்ற சொல்லுக்கு, மயிர் படிந்து வழுவழுப்பாக இருப்பது என்று பொருள். ஆளைக் குறித்துச் சொன்னால் நைச்சியக்காரன் என்றாகும். ‘கிரான்ருக்’ என்பது விடியலில் புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனி. வயலில் வேலை செய்பவனுக்கு இந்தச் சொற்கள் அன்றாடம் தேவைப்பட்டன.

விவசாயத்தில் நஷ்டம். ஜமைக்கா தீவில், அடிமைகளை வைத்து நடத்திய தோட்டம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போக முடிவு செய்தார். அந்தச் சமயத்தில்தான், 1786 ஜூலையில், கில்மார்னாக் ஊரில் அவருடைய முதல் புத்தகம் அச்சானது. 612 பிரதிகள், விலை 3 ஷில்லிங். அத்தனையும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. பயணம் நின்றது. அவர் எடின்பரோவுக்குப் போனார்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒரு சொற்பொருள் பட்டியல் உண்டு. 1787இல் எடின்பரோவில் வந்த அடுத்த பதிப்பில் அதை நன்றாக விரிவாக்கினார். அதே ஊரில், அதே ஆண்டில், ஜேம்ஸ் பீட்டி என்ற பேராசிரியரும் ஒரு பட்டியல் வெளியிட்டார். அவருடையது தள்ள வேண்டிய சொற்களுக்கு. பர்ன்ஸ் போட்டது தெரிந்துகொள்ள வேண்டிய சொற்களுக்கு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் இன்னும் பெரிய பெயர் வரும் என்று நலம் விரும்பிகள் அறிவுரை சொன்னார்கள். ஆங்கிலத்திலும் எழுதினார், ஸ்காட்ஸை விடவில்லை.

அவர் கையாண்ட வேறு சில சொற்களையும் பாருங்கள். வெட்டிப் பேச்சு ‘கிளிஷ்மக்ளேவர்’. தலைகீழாகக் கிடப்பது ‘டாப்சல்டீரி’. தாகத்தில் தவிப்பவன் ‘டிரூத்தி’. குடித்துவிட்டு நேரம் கழித்து வீடு திரும்பும் டாம் என்பவனின் கதையில், அவன் மனைவி திட்டும் திட்டில் ‘ஸ்கெல்லம்’ என்றால் உதவாக்கரை, ‘ப்ளெல்லம்’ என்றால் வாயாடி. அதே கதையில் ஆடும் இளம் சூனியக்காரி அணிந்த குட்டைச் சட்டை ‘கட்டி சார்க்’. 1869இல் கட்டிய புகழ்பெற்ற தேயிலைக் கப்பலுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். லண்டன் கிரீனிச்சில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

வங்கியில் பேரேடு புரட்டியவன் என்பதால் அவருடைய வரவு செலவையும் கவனித்தேன். புத்தக உரிமையை 100 கினிக்கு விற்றார். பணம் இழுத்தடித்துத்தான் வந்தது. 1789இல் ஆண்டுக்கு 50 பவுன் சம்பளத்தில் கலால் துறையில் சேர்ந்தார். வாரத்துக்குச் சுமார் 200 மைல் குதிரையில் சுற்றி, சாராயத்துக்கும் மற்றச் சரக்குகளுக்கும் வரி கணக்கிட வேண்டும். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் பழைய பாடல்களைத் தேடினார். முதலடி மட்டும் மிஞ்சியிருந்தால் மீதியை எழுதிச் சேர்த்தார். ஒரே தொகுப்புக்கு ஏறத்தாழ 200 பாடல்கள் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. தேசத்துக்குச் செய்யும் கடமை என்று நினைத்தார்.

1796இல் உடல்நிலை மோசமானது. தொண்டர் படைச் சீருடைக்கான பாக்கியை ஒரு கடைக்காரர் கேட்டு நெருக்கினார். கடனுக்காகச் சிறை போக நேருமோ என்று பயந்து, அதுவரை பணம் வாங்க மறுத்த ஒரு பாடல் பதிப்பாளரிடமே 5 பவுன் கேட்டுக் கடிதம் எழுதினார். ஜூலை 21 அன்று டம்ஃப்ரீஸ் நகரில் காலமானார். 25ஆம் தேதி அடக்கம் நடந்தது. அன்றுதான் அவர் மனைவி ஜீனுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ‘ஓல்ட் லாங் சைன்’ பாட்டு அந்த ஆண்டு இறுதியில் அச்சில் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

1808இல் ஸ்காட்ஸ் மொழிக்குப் பெரிய அகராதி வந்தது. ஆனாலும் சாதாரண மக்கள் நாவில் அந்தச் சொற்கள் தங்கியதற்கு அவருடைய பாட்டுகளும் பெரிய காரணம். ஒவ்வொரு ஜனவரி 25 அன்றும் உலகெங்கும் அவர் பெயரால் விருந்து வைத்து அவற்றைப் பாடுகிறார்கள். இந்த வருடக் கடைசி இரவில் அந்த மெட்டு காதில் விழுந்தால், பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளிடம் அந்த மூன்று சொற்களின் பொருளைச் சொல்லிவையுங்கள்.