மேகம் மறைத்த மூன்றாவது விடியல்



வால்நட்சத்திரம் தெரியும் என்று செய்தி வந்தால் விடியற்காலையிலேயே மொட்டை மாடிக்கு ஏறுகிறோம். மேகம் மூடினால் அலுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். இதே சென்னை வானத்தை முப்பது ஆண்டுகள் பார்த்தவர் ஒருவரின் கதை இது.

நார்மன் ராபர்ட் போக்சன் 1829இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தார். விண்மீன்களின் ஒளியை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் கணக்கை 1856இல் வகுத்தவர் அவரே. ஒளித்தரத்தில் ஒரு படி கூடினால் ஒளி சுமார் 2.512 மடங்கு மாறும். 1861இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு ஆசியா என்று பெயரிட்டார்.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். போக்சன் மசூலிப்பட்டினம் சென்று, மறைந்த சூரியனின் விளிம்பு ஒளியை நிறமாலைக் கருவியில் ஆராய்ந்தார். அன்று பலர் பார்த்த மஞ்சள் கோடுதான் பின்னர் ஹீலியம் என்ற தனிமத்தைக் காட்டிக்கொடுத்தது.

அடுத்தது 1872. பியலா என்ற வால்நட்சத்திரம் 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பிறகு காணாமலே போயிருந்தது. அது வரும் பாதையைப் பூமி கடந்த நவம்பர் 27 இரவு, ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. உடனே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர் போக்சனுக்குத் தந்தி அடித்தார். பியலா பூமியை உரசிச் சென்றிருக்கலாம், தெற்கு வானில் தேடுங்கள் என்பது செய்தி.

இங்கோ வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆனாலும் டிசம்பர் தொடக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு விடியற்காலைகளில் மேகம் விலகியது. போக்சன் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டு, அதன் இடத்தைக் குறித்துக்கொண்டார். சுற்றுப்பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நாள் அளவுகள் வேண்டும். மூன்றாவது நாளுக்கு மழைமேகம் இடம் தரவில்லை. அது பியலா அல்ல, வேறொன்று என்றே பின்னர் வந்த வானியலாளர்கள் கருதினார்கள். எது என்பது இன்றுவரை தீரவில்லை. கிடைத்த இரண்டு நாள் அளவுகளை அவர் ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் அந்தக் கேள்வியாவது மிஞ்சியது.

1873 முதல் மகள் ஐசிஸ் வானாய்வகத்தில் உதவியாளரானார். போக்சன் 1891இல், பணியில் இருந்தபோதே சென்னையில் காலமானார். சூரிய ஆய்வு பிறகு கொடைக்கானலுக்குப் போனது.

பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது. அந்த வளாகத்தில் இப்போது இருப்பது வானிலை ஆய்வு மையம். போக்சனை மேகம் ஏமாற்றிய அதே இடத்திலிருந்துதான் இன்று நமக்கு மழை அறிவிப்பு வருகிறது.