கிராமை மோலாக்கும் கணக்கு.. 1912-ல் லண்டனைத் திரும்பிப் பார்க்க வைத்த இந்தியர்! யார் இந்த பிரபுல்ல சந்திர ரே?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகை மொட்டுகளை யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. எடையைச் சொன்னால் போதும், எத்தனை முழம் வரும்னு பூ கட்டுறவங்க சொல்லிடுவாங்க. பிளஸ் ஒன் மாணவர்களைப் பயமுறுத்தும் மோல் கணக்கும் இதே வேலைதான். மூலக்கூறுகளை எண்ண முடியாது. அதனால் எடை போட்டு, மோலார் நிறையால் வகுக்கிறோம். (பெருக்கிட்டு மார்க்கைக் கோட்டை விடாதீங்க!)

உதாரணத்துக்கு அம்மோனியம் நைட்ரைட். 2 நைட்ரஜனுக்கு 28, 4 ஹைட்ரஜனுக்கு 4, 2 ஆக்சிஜனுக்கு 32, மொத்தம் 64. கையில் 16 கிராம் இருந்தால், 16-ஐ 64-ஆல் வகுக்க வேண்டும். 0.25 மோல்.

ஏன் இந்த உப்பு? பிரபுல்ல சந்திர ரேவுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த உப்புகளில் இதுவும் ஒன்று.

1861 ஆகஸ்ட் 2-ல், இன்று வங்கதேசத்தில் உள்ள குல்னா பகுதியில் பிறந்தவர் ரே. எடின்பரோவில் 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பியவருக்கு 1889-ல் கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் கிடைத்தது மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை. உயர்பதவிகள் எல்லாம் ஆங்கிலேயர்களுக்குத்தான். ஆனாலும் ஆய்வகத்தை விடவில்லை. 1896-ல் மெர்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்துக் காட்டினார்.

அடுத்து அம்மோனியம் நைட்ரைட். சூடாக்கினால் நைட்ரஜனும் நீருமாக உடைந்துவிடும் உப்பு இது. அப்படி முழுசா உடைந்தால் 64 கிராமில் இருந்து 3 மோல் ஆவி வர வேண்டும். உடையாமல் ஆவியானால் 1 மோல்தான். ஆக, ஆவியின் அடர்த்தியை அளந்தால் விடை தெரிந்துவிடும். மாணவர்களுடன் சேர்ந்து வெற்றிடத்தில் பக்குவமாகச் சூடாக்கி அளந்தார் ரே. உடையாத மூலக்கூறின் கணக்கோடு அது ஒத்துப்போனது. 1912-ல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் இதை விளக்கியபோது, நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சே பாராட்டினார்.

மருந்துக்கு வெளிநாட்டை நம்பியிருந்த காலத்தில் பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் இவர்தான். திருமணம் செய்துகொள்ளவில்லை. 60 வயதுக்குப் பிறகு வந்த சம்பளத்தைக் கொல்கத்தா பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டு, அறிவியல் கல்லூரியில் ஒரு அறையில் தங்கியிருந்தார். 1944 ஜூன் 16-ல் மறைந்தார்.